தேதி போடுங்கள், ஐயா!

மாநாட்டுத் தலைவர் அவர்களே, என் தகுதிக்கு மேலேயே என்னைப் புகழ்ந்துவிட்ட துணைவேந்தர் அவர்களே, அலுவல்களுக்கு நடுவே வந்திருக்கும் வேளாண்மை இயக்குநர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் பேச்சில் பாதியை எடுத்துக்கொண்ட பேராசிரியர் அம்மா அவர்களே, இடமில்லாமல் பின்னால் நிற்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம். பெயர் விடுபட்ட பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

வளரும் நாடுகளின் இணையவழி வேளாண் தகவல் சேவை பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: காலம், மொழி, இணைப்பு.

தகவலுக்குப் பஞ்சமில்லை. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு வேளாண் ஆய்வு வெளியீடுகளின் விவரங்களைத் திரட்டித் தரும் அக்ரிஸ் தரவுத்தளத்தை 1970களிலேயே தொடங்கிவிட்டது. ஏழை நாட்டு ஆய்வு நிறுவனங்களுக்கு இதழ்களை இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ தரும் அகோரா திட்டம் 2003இல் வந்தது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்கள். களத்தில் தானியம் குவிந்துதான் கிடக்கிறது. காற்று எப்போது அடிக்கும் என்று சொல்லத்தான் ஆளில்லை.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், மக்காச்சோளம் போட்டிருந்தார். இலையெல்லாம் ஓட்டை, குருத்துக்குள்ளே மரத்தூள் மாதிரி எச்சம். பேத்தி கைபேசியில் தேடினாள். ஓர் இணையப் பக்கம் வந்தது. "தண்டுத் துளைப்பான், எண்டோசல்ஃபான் அடிக்கவும்" என்று அழகாக எழுதியிருந்தது. தாத்தா அதைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு மருந்து வாங்கப் போனார். விற்பவர் சீட்டைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "இதைத் தடை பண்ணி எத்தனையோ வருஷமாச்சே ஐயா!" அலைந்து திரிந்து விசாரித்ததில் நாலு நாள் போனது. புழுவின் தலையில் தலைகீழான 'ஒய்' எழுத்து இருப்பதை யாரோ பார்த்துச் சொன்ன பிறகுதான் அது படைப்புழு என்று தெரிந்தது. அதற்குள் புழு பருத்துக் குருத்துக்குள்ளே இறங்கிவிட்டது. மேலே தெளித்தால் மருந்து எட்டாது. ராத்திரி எனக்குப் போன் பண்ணினார். "தம்பி, அந்தக் கட்டுரையை எழுதினவர் உயிரோட இருக்காரா?" தெரியாது என்றேன். "எப்ப எழுதினாராம்?" அதுவும் தெரியாது என்றேன். "அப்போ ஆவிகிட்டயா யோசனை கேட்டேன்?" என்றாரே பார்க்கலாம்!

சிரிக்கிறீர்கள். எண்டோசல்ஃபான் பூச்சிக்கொல்லியை, எளிதில் அழியாத நச்சு வேதிப்பொருள்களை ஒழிக்க உலக நாடுகள் செய்துகொண்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் சேர்த்தது 2011இல். அமெரிக்கக் கண்டத்துப் படைப்புழு ஆப்பிரிக்காவில் கண்டறியப்பட்டது 2016இல், இந்தியாவில் 2018இல். அந்தப் பக்கம் எழுதிய அன்றைக்குச் சரியாகவே இருந்திருக்கலாம். தேதி இல்லாததால் அது இன்றைக்கும் எழுந்து நின்று பேசுகிறது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்றால், போன வருஷக் காற்றுக்கு இந்த வருஷம் முறத்தைத் தூக்கச் சொல்கிறோமே!

அதனால்தான் போகிற மேடையெல்லாம் கேட்கிறேன். ஒவ்வொரு பரிந்துரையின் தலையிலும் எழுதிய தேதி, கடைசியாகச் சரிபார்த்த தேதி, எந்த மண்ணுக்கும் மழைக்கும் பொருந்தும், தவறென்றால் யாரைக் கேட்பது என நாலு வரி போடுங்கள். கெடு தாண்டிய பக்கத்தில் சிவப்பில் எச்சரியுங்கள். இதற்குச் செயற்கை நுண்ணறிவு வேண்டாம். பொறுப்புள்ள எழுத்தர் ஒருவர் போதும்.

மொழி பற்றிப் பேராசிரியர் அம்மா சொல்லிவிட்டார்கள். இணைப்பு பற்றி… தலைவர் மணியைத் தொட்டுவிட்டார், விட்டுவிடுகிறேன். இயக்குநர் ஐயா, கோரிக்கைத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும். மறக்காமல் கீழே தேதி போடுங்கள். வணக்கம்.