கனிகளும் குளத்துக்கரைப் பனையும்

தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, கோடை முகாமுக்கு இடம் தந்த தலைமையாசிரியர் ஐயா அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய விவசாயிகள் சங்கப் பெரியவர்களே, வெயிலென்றும் பாராமல் வந்திருக்கும் தாய்மார்களே, மாணவக் கண்மணிகளே, வணக்கமுங்க.

கனிகளில் தனிக்கனி, திரள்கனி, கூட்டுக்கனி என்று மூன்று வகை. மூன்றையும் சொல்கிறேன்.

ஒரு பூவின் ஒரே சூலகம், அதாவது பூவுக்குள் விதை உண்டாகிற பை, கனியானால் அது தனிக்கனி. அதில் தக்காளி, மா போன்றவை சதைக்கனிகள். நம்ம காட்டில் விளையும் பருத்தியும் ஆமணக்கும் காய்ந்து வெடிக்கிற உலர்கனிகள். மாங்கொட்டையின் கெட்டி ஓடு கனியின் உள்தோல்; விதை அதற்குள்ளே இருக்கிறது. தேங்காயில் மட்டை நடுத்தோல், கொட்டாங்குச்சி உள்தோல். பனையும் இதே வகைதான். "தென்னையை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனையை வச்சவன் பாத்துட்டுச் சாவான்" என்பார்கள்.

போன சித்திரையில் காங்கேயம் ரோட்டோரம் ஒரு பெரியவர் நுங்கு விற்றுக்கொண்டிருந்தார். ஒரு பையன் வந்து, "ஏனுங்க அப்புச்சி, இது காயா பழமா?" என்றான். அவர் அருவாளால் தலையைச் சீவினார். ஈரம் மினுங்க மூன்று கண். "காய்தான் சாமி. மரத்துலயே உட்டா பழுக்கும். கண்ணு மூணும் கொட்டையாகும், மூணும் மொளைக்கும்" என்றார். பையன் விடவில்லை. "உங்க மரம் எங்கீங்க?" பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "எங்கூருக் கரையில நின்னதெல்லாம் செங்கச்சூளைக்குப் போயிருச்சு. இது வெளியூருக் காய், வண்டி வாடகை குடுத்துக் கொண்டாறேன்" என்றார். எனக்கு நுங்கு தொண்டையில் இறங்கவில்லை.

பனை நம் மாநில மரம். மாவட்ட ஆட்சியர் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாதென்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே சொல்லிவிட்டார்கள். வெட்டாமல் இருந்தால் மட்டும் போதுமா? நட வேண்டாமா? பனையை வச்சவன் பாத்துட்டுச் சாவான், சாகட்டுமே! அவன் பேரன் தின்பான், கரையும் நிற்கும்.

திரள்கனிக்குச் சீத்தாப்பழம் சாட்சி. ஒரே பூவின் பல சூலகங்கள் ஒட்டி வளர்ந்தது. கூட்டுக்கனிக்குப் பலா; பல பூக்கள் சேர்ந்து ஒரே பழமானது. மீதியை ஆசிரியர்கள் விளக்குவார்கள். எனக்கு நம்ம குளத்துக்கரையில் பனை நடுவதுதான் அவசரம்.

பனையை வச்சவன் பாத்துட்டுச் சாவான் என்று சொல்லியே இரண்டு தலைமுறை வைக்காமல் விட்டுவிட்டோம். ஆவணி, புரட்டாசியில் விழும் பழத்தின் கொட்டைகளைச் சாக்கில் சேர்த்து வையுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் பத்தடிக்கு ஒன்றாகக் கரையில் ஊன்றுவோம். தலைவர் அம்மா அவர்கள் முதல் கொட்டையை ஊன்றித் தர வேண்டும். பெயர் கொடுப்பவர்கள் மேடைக்கு இடப்பக்கம் வாங்க.