அடி ஓட்டையானால்தான் நல்ல தொட்டி

[காட்சி: மாடிக் கைப்பிடிச் சுவர் மேல் அடி கறுத்த அலுமினிய இட்லிப் பானை]

வணக்கம். இந்தப் பானையில இனிமே இட்லி வேகாது, அடி ஒழுகுது. பழைய பாத்திரக்காரர் எடைக்குக் கேட்டார், கொடுக்கலை. ஒழுகுற பாத்திரம் அடுப்புக்குத்தான் ஆகாது; கீரைக்கு அதுதான் வேணும்.

[காட்சி: பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச், கிட்டத்துல]

முதல்ல ஒரு சின்னச் சோதனை. ஸ்பாஞ்சைத் தண்ணியில முக்கி, படுக்கை வாட்டத்துல பிடிங்க. சொட்டுறது நிக்கட்டும். இப்ப செங்குத்தா நிமிர்த்துங்க. பாருங்க, பிழியாமலே மறுபடி சொட்டுது!

மண்ணும் இப்படித்தான். தண்ணி வடிஞ்ச பிறகும் தொட்டியோட அடியில கொஞ்ச உயரத்துக்கு ஈரம் தேங்கி நிக்கும். ஆழமான பானைன்னா வேர் அதுக்கு மேல மூச்சு விடும். தாம்பாளம் மாதிரித் தட்டையானதுல மொத்த வேரும் சகதியிலதான். அதனால தட்டையானதை விட்டுடுங்க.

"அடியில ஜல்லி போடு, நல்லா வடியும்"னு சொல்வாங்க. நானும் ரொம்ப நாள் போட்டேன், வீண் வேலை. மேல இருக்குற மண்ணு நிறைய ஊறினாத்தான் தண்ணி ஜல்லிக்குள்ள இறங்கும். தேங்குற ஈரம் ஜல்லிக்கு மேல ஏறி உக்காந்துக்கும், வேருக்கு இடம்தான் குறையும். ஓட்டை மேல ஒரு துண்டு கொசுவலை போதும்.

[காட்சி: பானையைக் கவிழ்த்து ஓட்டை போடுதல்]

அலுமினியத்துக்கு ஆணியும் சுத்தியலும் போதும். உள்ளே மரக்கட்டை முட்டுக் கொடுத்து 5, 6 ஓட்டை. எவர்சில்வருக்கு டிரில். மெதுவா ஓட்டுங்க, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்க. அவசரப்பட்டா அந்த இடம் சூடேறி இன்னும் இறுகிடும், பிட்டுதான் மழுங்கும்.

கீறல் விட்ட ஊறுகாய் ஜாடின்னா, ஓட்டை போடுறதுக்கு முன்னாடி ஒரு வாரம் தண்ணியில ஊற வச்சு, தினம் தண்ணி மாத்துங்க. கீறல் வழியா உள்ளே போன உப்பு செடியைக் கருக்கிடும்.

மண் கலவை: செம்மண், அலசின தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம், மூணும் சம பங்கு.

[காட்சி: விதை தூவுதல்]

அரை அடி ஆழம் இருந்தா அரைக்கீரை தூவலாம். தக்காளிக்கு இது பத்தாது. சித்திரை வெயில்ல அலுமினியம் கொதிக்கும், வெளியே ஈரச் சாக்கு சுத்திடுங்க. ஒரு மாசத்துல முதல் அறுவடை. வேரோட பிடுங்காதீங்க, 2 விரல் விட்டு நறுக்குங்க, திரும்பத் தழையும்.