ஜனவரிக் குளிரில் கியூபெக் சிட்டி: நண்பர்களோடு காரில் போகலாமா?

அடுத்த கேள்வி டொராண்டோவில் படிக்கிற ஒரு தம்பியிடமிருந்து வந்திருக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். ஐந்து நண்பர்கள், ஜனவரி கடைசியில் கார் எடுத்துக்கொண்டு கியூபெக் சிட்டி போக ஆசைப்படுகிறார்கள். அங்கே இரண்டு நாள் இருப்பார்களாம். அதில் மூன்று பேர் போன செப்டம்பரில்தான் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள், இதுதான் முதல் வின்டர். "அந்தக் குளிரில் ஊர் சுற்றிப் பார்க்க முடியுமா அண்ணா, இல்லை கோடை வரைக்கும் காத்திருக்கலாமா?" என்று கேட்கிறார்.

காத்திருக்க வேண்டாம் தம்பி, போய்விட்டு வாருங்கள். கோடையிலும் அது அழகான ஊர்தான். ஆனால் அந்த ஊரில் நான் உங்களைப் பார்க்கச் சொல்லப்போகிற முக்கியமான மூன்றின் சிறப்பும் பனி இருந்தால்தான் தெரியும். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். நம் ஊரில் சுற்றுலா என்றால் காலையில் கிளம்பி, பார்க்க வேண்டிய இடங்களை வரிசையாக முடித்துவிட்டு ராத்திரி அறைக்கு வருவோம். அங்கே அது நடக்காது. முக்கால் மணி நேரம் வெளியே, அரை மணி நேரம் உள்ளே, திரும்ப வெளியே. நாள் முழுக்க இப்படித்தான் போக வேண்டும். எங்கே போய்ச் சூடு பிடிப்பது என்பதையும் சேர்த்துத் திட்டம் போடுங்கள்.

முதலில் பயணம். டொராண்டோவிலிருந்து மான்ட்ரியால் ஏறத்தாழ 540 கிலோமீட்டர், அங்கிருந்து கியூபெக் சிட்டி இன்னொரு 250. கோடையில் ஒரே மூச்சில் ஓட்டிவிடுவார்கள். ஜனவரியில் அப்படிச் செய்யாதீர்கள். மான்ட்ரியாலில் ஒரு ராத்திரி தங்கிவிட்டுக் காலையில் வெளிச்சம் வந்த பிறகு கிளம்புங்கள். வாடகைக் கார் என்றால் வின்டர் டயர் போட்டிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கியூபெக் மாகாணத்தில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் கட்டாயம். டொராண்டோ இருக்கிற ஒன்டாரியோ மாகாண நம்பர் பிளேட் காருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்பதால் சில பேர் சாதாரண டயரிலேயே போய்விடுகிறார்கள். 7 டிகிரிக்குக் கீழே போனாலே சாதாரண டயரின் ரப்பர் இறுக ஆரம்பித்துவிடும், பிடிப்பு குறையும். நீங்கள் போகிற இடத்தில் மைனஸ் 15 இருக்கும். சட்டம் கேட்காவிட்டாலும் போட்டுக்கொண்டு போங்கள்.

புதிதாக வந்தவர்கள் கவனிக்காத இன்னொன்று, கண்ணாடி கழுவும் திரவம். 401 நெடுஞ்சாலையில் முன்னால் போகிற லாரி உப்பும் பனிச் சேறுமாக வாரி அடித்துக்கொண்டே போகும். நிமிடத்துக்குள் கண்ணாடி முழுக்க வெள்ளையாகக் காய்ந்துவிடும், எதிரே சாலையே தெரியாது. அப்போது திரவம் தீர்ந்திருந்தாலோ, கோடைக்கால திரவம் உள்ளேயே உறைந்திருந்தாலோ ஆபத்து. மைனஸ் 40 என்று போட்டிருக்கும் கேன் எல்லா பெட்ரோல் பங்கிலும் கிடைக்கும். ஒன்றை ஊற்றிக்கொண்டு, இன்னொன்றை டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குள் போனதும் காரை ஒரு மூடிய பார்க்கிங்கில் விட்டுவிடுங்கள். பழைய நகரம் நடக்கிறவர்களுக்கான ஊர். தெருவில் நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால், கம்பங்களில் ஆரஞ்சு விளக்கு மின்னுகிறதா என்று பாருங்கள். மின்னினால் அன்று ராத்திரி அந்தத் தெருவில் பனி அள்ள வண்டி வருகிறது என்று அர்த்தம். உங்கள் காரை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

சரி, இப்போது பார்க்க வேண்டியது. முதலிடம் டஃப்ரின் டெரஸ். மலைமேல், ஆற்றைப் பார்த்தபடி இருக்கிற நீளமான மரத்தளம். பின்னால் ஷாட்டோ ஃப்ரோன்ட்னாக் ஹோட்டல், 1893-இல் திறந்தது. கியூபெக் என்றாலே எல்லாப் படங்களிலும் வருகிற அந்தப் பச்சைக் கூரைக் கட்டடம் இதுதான். அந்தத் தளத்தில் 1884 முதலே வின்டரில் ஒரு பனிச்சறுக்குப் பாதை இருக்கிறது. மர வண்டியை நீங்களே கயிற்றால் இழுத்துக்கொண்டு சரிவில் ஏற வேண்டும். பாதி தூரத்திலேயே மூச்சு வாங்கும், அந்தக் குளிரிலும் கழுத்தில் வியர்க்கும். உச்சியில் மூன்று தடங்கள். ஒருவர் பின்னால் ஒருவராகக் கால்களை முன்னால் இருப்பவரைச் சுற்றிப் போட்டு உட்கார்ந்ததும் தள்ளிவிடுவார்கள். வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர் வரைக்கும் போகும் என்கிறார்கள். கண்ணில் நீர் வரும், அது கன்னத்தில் வழியும் முன்பே சில்லென்று இழுக்கும், கீழே வந்ததும் ஐந்து பேரும் கத்திக்கொண்டிருப்பீர்கள். நண்பர்களோடு போகிறவர்கள் இதைத் தவறவிடவே கூடாது. இறங்கியதும் ஹோட்டல் முகப்பறைக்குள் ஒரு சுற்றுப் போய்ச் சூடு பிடித்துக்கொள்ளலாம். அங்கே தங்காதவர்களும் உள்ளே போய்ப் பார்க்கிறார்கள், கூச்சப்பட வேண்டாம்.

இரண்டாவது, லெவிக்குப் போகிற படகு. இதைப் பல பேர் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை, அது எனக்கு வருத்தமாகவே இருக்கும். மலையடியில் இருக்கிற கீழ் நகரத்திலிருந்து செயின்ட் லாரன்ஸ் ஆற்றைக் கடந்து எதிர்க்கரைக்குப் போகிற சாதாரண போக்குவரத்துப் படகு இது. கார் வேண்டாம், நடந்தே ஏறுங்கள். சுமார் பத்து, பன்னிரண்டு நிமிடப் பயணம். ஆறு முழுக்கப் பனிப் பாளங்கள் மிதந்து வரும். படகின் இரும்பு அதன்மேல் உரசி உடைக்கிற சத்தம் காலடியில் அதிர்வாகவே தெரியும். கொஞ்ச நேரம் நின்று அந்தப் பாளங்கள் எந்தப் பக்கம் போகின்றன என்று பாருங்கள். கடல் ஏற்றம் அந்த ஊர் வரைக்கும் வருகிறது. அதனால் சில நேரம் பனி முழுக்க ஆற்றின் போக்குக்கு எதிராக, மான்ட்ரியால் திசையில் நகர்ந்துகொண்டிருக்கும். ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் என்பதால், நான்கு மணி வாக்கில் லெவிக்குப் போய்விட்டு, விளக்குகள் எரிகிற நேரத்தில் திரும்பி வாருங்கள். குளிர் தாங்காதவர் படகுக்குள்ளே ஹீட்டரில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகவே பார்க்கலாம்.

மூன்றாவது மோன்மொரன்சி அருவி. ஊரிலிருந்து காரில் கால் மணி நேரம். 83 மீட்டர், நயாகராவைவிட உயரம். வின்டரில் அருவியின் ஓரங்கள் உறைந்து நிற்கும், நடுவில் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். விழுகிற வேகத்தில் தெறிக்கிற நீர்த்துளிகள் கீழே உறைந்து உறைந்து ஒரு பெரிய பனிக்கூம்பாக வளரும். அது ஜனவரி கடைசியில் நன்றாகவே எழும்பியிருக்கும். காலையில் முதல் வேலையாக இதை முடியுங்கள்.

மற்றவை போகிற வழியிலேயே வந்துவிடும். 1608-இல் சாம்ப்லேன் என்கிற பிரெஞ்சுக்காரர் தொடங்கிய ஊர் இது. சுற்றிலும் ஏறத்தாழ 4.6 கிலோமீட்டர் கோட்டை மதில் இன்னும் இருக்கிறது, பழைய நகரம் 1985 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. கீழே பெத்தி ஷாம்ப்லான் தெருவைப் பார்க்காமல் வர மாட்டீர்கள், நான் சொல்லவே வேண்டாம். பனியாலேயே கட்டுகிற ஐஸ் ஹோட்டல் பற்றியும் கேட்பீர்கள். ஊரைவிட்டுக் காரில் ஏறத்தாழ அரை மணி நேரம் வெளியே போக வேண்டும். இரண்டே நாள் என்றால் என் கருத்தில் அதை விட்டுவிடலாம்.

சாப்பாட்டில் ஒன்று. மேப்பிள் பாகைக் காய்ச்சிச் சுத்தமான பனிமேல் ஊற்றிக் குச்சியில் சுருட்டித் தருவார்கள். ஜவ்வு மிட்டாய் போல இழுபடும், வாங்கிச் சாப்பிடுங்கள். பூட்டீன் என்கிற கியூபெக் பதார்த்தத்தில் உருளைக்கிழங்கும் சீஸும்தானே என்று சைவம் சாப்பிடுகிறவர்கள் நம்பிவிட வேண்டாம். மேலே ஊற்றுகிற கிரேவி பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் செய்தது. கேட்டால் காய்கறிக் கிரேவி பல கடைகளில் கிடைக்கும்.

இப்போது அந்த மூன்று பேருக்கு. ஜீன்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள், உள்ளே தெர்மல் வேண்டும். பருத்தி ஈரமானால் சூட்டைப் பிடிக்காது. ஷூவுக்குள் இரண்டு சாக்ஸ் திணித்து இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் விறைக்கும், ஒரு நல்ல கம்பளி சாக்ஸ் போதும். கீழ் நகரத்துக்கு இறங்குகிற தெருக்கள் செங்குத்து, படிகளும் வழுக்கும். ஷூவுக்கு மேல் மாட்டிக்கொள்கிற முள் வைத்த ரப்பர் பட்டை கடைகளில் கிடைக்கும், வாங்கிக்கொள்ளுங்கள். போனைச் சட்டைக்கு உள்பக்கப் பையில் வையுங்கள். வெளியே கையில் பிடித்திருந்தால் சார்ஜ் மளமளவென்று இறங்கும்.

இன்னொன்று உங்கள் ஐந்து பேருக்கும். குளிருகிறது என்று சொல்ல நம் பிள்ளைகள் வெட்கப்படுவார்கள். மற்றவர்களின் சந்தோஷத்தைக் கெடுக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். காற்றோடு சேர்ந்து உடம்பு உணர்கிற குளிர் மைனஸ் 28-க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைய ஆரம்பிக்கலாம். காது மடலோ மூக்கு நுனியோ வெளுத்திருப்பது அவருக்கே தெரியாது, எதிரில் நிற்கிறவருக்குத்தான் தெரியும். அதனால் ஒருவர் முகத்தை ஒருவர் அடிக்கடி பாருங்கள். யார் முதலில் "போதும்" என்கிறாரோ, அந்த நிமிடமே எல்லோரும் உள்ளே. அவரை மட்டும் காபிக் கடையில் உட்கார வைத்துவிட்டு மற்ற நான்கு பேர் போட்டோ எடுக்கப் போக வேண்டாம். கீழ் நகரத்தில் நாகரிக அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு மணி நேரம் கதகதப்பாக இருந்துவிட்டு வரலாம், பார்ப்பதற்கும் நிறைய உண்டு.

அப்புறம், திரும்புகிற நாள் காலையில் கியூபெக் 511 என்கிற சாலைத் தகவல் சேவையைப் பார்த்துச் சாலை நிலவரம் தெரிந்துகொண்ட பிறகே சாவியை எடுங்கள். பனிப்புயல் எச்சரிக்கை இருந்தால் இன்னொரு ராத்திரி அங்கேயே தங்கிவிடுங்கள். அதற்கான பணத்தை ஐந்து பேரும் இப்போதே தனியாக எடுத்து வையுங்கள். திங்கட்கிழமை வகுப்பு இருந்தால் பேராசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிடலாம்.