கரு மணலில் பொடித் தங்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

கல்லூரியில் நிலவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்று தெரிந்ததும், நம் குமரி மாவட்டக் கடற்கரையின் மணவாளக்குறிச்சி, சின்னவிளை, மிடாலம் பக்கத்துக்காரர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ‘சார், நம்ம கடற்கரையில் இவ்வளவு கறுப்பு மணல் கிடக்கிறதே, இதில் தங்கம் இருக்குமா?’ அதற்கான விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் கரையில் தங்கத்துக்காக யாரும் மணலைத் தொடுவதில்லை. அதில் இருப்பவை இல்மனைட், ரூட்டைல், ஸிர்கான், மோனசைட், கார்னெட், சில்லிமனைட் ஆகிய கன தாதுக்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் சார்னோக்கைட், கோண்டலைட் பாறைகள் வெயிலிலும் மழையிலும் உளுத்து உதிர்ந்து, வள்ளியாறு போன்ற ஆறுகளின் வழியே கடலுக்குச் சென்று, தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகளால் அலசப்பட்டுக் கரையில் ஒதுங்கிய மணல் அது. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிய கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்துத்தான் இங்கே மோனசைட் இருப்பதைக் கண்டுகொண்டார். அன்றைக்கு அதன் பெருமை, கேஸ் விளக்கில் சுடரைச் சுற்றி ஒளிரும் வலையான மேண்டிலுக்கு வேண்டிய தோரியம் அதில் இருந்தது என்பதே.

தங்கத்தின் பிறப்பிடம் பெரும்பாலும் வேறு. கோலாரில் அது மிகப் பழைய எரிமலைப் பாறைகளின் இடையே ஓடிய குவார்ட்ஸ் என்ற வெண்கல் நரம்புகளில் இருந்தது. நீலகிரியில் தேவாலா, பந்தலூர் பகுதிகளின் குவார்ட்ஸ் நரம்புகளைத் தேடி 1880 வாக்கில் ஆங்கிலேயக் கம்பெனிகள் முண்டியடித்துக்கொண்டு வந்தன. வந்த வேகத்திலேயே பெரும்பாலானவை நொடித்தும் போயின. அந்த மலைப்பகுதியின் நரம்புகளிலிருந்து கழன்ற பொடிதான் நிலம்பூர் பக்கம் சாலியாற்றின் கிளைகளில் கிடைக்கிறது. அங்கே மரத் தட்டில் மணலை அரித்துப் பொன் எடுப்பது தலைமுறை தலைமுறையாக வந்த தொழில்.

பிறகு ஏன் நாகர்கோவிலில் உட்கார்ந்துகொண்டு பொன் அரிப்பதைப் பற்றிப் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. என் மகளின் குடும்பம் நியூசிலாந்தின் தென் தீவில் வசிக்கிறது. அங்கே பொழுதுபோக்காகப் பொன் அரிப்பதற்கென்றே அரசு சில ஆற்றுப் பகுதிகளை ஒதுக்கிவைத்திருக்கிறது. 1862-இல் பொன் வேட்டைக்குப் பெயர்பெற்ற ஏரோ ஆற்றின் ஒரு பகுதியும் அவற்றுள் அடங்கும். அனுமதிச் சீட்டு வேண்டாம், இயந்திரம் கூடாது, கைக்கருவி மட்டுமே. மகளைப் பார்க்கப் போன இடத்தில் இந்தப் பழக்கம் என்னைத் தொற்றிக்கொண்டது. அந்தத் தீவின் மேற்குக் கரையில், பாரிடவுன் போன்ற இடங்களின் கரு மணலில் இல்மனைட் இருக்கிறது, கார்னெட் இருக்கிறது, ஸிர்கான் இருக்கிறது, கூடவே பொடித் தங்கமும் இருக்கிறது. தங்கத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால் அது ஏறக்குறைய நம் மணவாளக்குறிச்சி மணல்தான். அந்த மணலின் குணம் எனக்குப் பழக்கமானது. அதற்குள் ஒளிந்திருக்கும் பொன்னை எப்படி வெளியே கொண்டுவருவது என்பது மட்டுமே புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

பெரிய பொன் மணியைப் பிரிப்பதில் வித்தை ஏதும் இல்லை. தூய தங்கத்தின் ஒப்படர்த்தி, அதாவது அதே அளவு தண்ணீரைப்போல எத்தனை மடங்கு கனம் என்ற எண், 19.3, வெறும் வெள்ளை மணலுக்கு 2.65. தட்டை நான்கு முறை குலுக்கினாலே தங்கம் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். தொல்லை எல்லாம் பொடியில்தான். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள பொன் உருண்டைகளை எடுத்துக்கொண்டால், ஒரு கிராமுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் உருண்டைகள் வேண்டும். ஒரு பவுனுக்கு எட்டு லட்சம். இந்தக் கணக்கைக் கேட்ட பிறகும் பணக்காரராகும் எண்ணத்தோடு யாராவது தட்டைக் கையில் எடுத்தால், அவருடைய பொறுமையை நான் வணங்குகிறேன். பொழுதுபோக்கு என்று நான் சொல்வது அந்தச் சொல்லின் முழுப் பொருளில்தான்.

பொடித் தங்கம் ஏன் அடங்க மறுக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் புரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் தாமாகவே விளங்கும். தண்ணீரில் ஒரு மணி எவ்வளவு வேகமாக அமிழும் என்பதை அதன் கனம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அதன் பருமனும் வடிவமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. இல்மனைட்டின் ஒப்படர்த்தி 4.7. பருமணிகளாக இருக்கும்போது, ஒரு பொன் மணியின் வேகத்துக்கு ஈடுகொடுக்க ஓர் இல்மனைட் மணி அதைப்போல ஏறத்தாழ ஐந்து மடங்கு விட்டம் கொண்டிருக்க வேண்டும். மணிகள் மிகவும் நுண்ணியவையாக ஆகும்போது தண்ணீரின் பிசுபிசுப்பு மேலோங்கி, இந்த ஐந்து மடங்கு இரண்டு மடங்குச் சொச்சமாகச் சுருங்கிவிடுகிறது. அதாவது, பொன் துகளைப்போல இரண்டே கால் மடங்கு விட்டமுள்ள கறுப்பு மணி, பொன்னோடு சேர்ந்து அதே வேகத்தில் இறங்கும். போதாக்குறைக்கு, ஆற்றில் நெடுந்தொலைவு உருண்டு கல்லுக்கும் கல்லுக்கும் இடையே நசுங்கிய பொன், உருண்டையாக இல்லாமல் தகடாக இருக்கும். தகடு தண்ணீரில் நேராக இறங்குவதில்லை. மிதந்து, சாய்ந்து, நேரமெடுத்து இறங்கும்.

ஆகவே, இந்த வேலையில் முதல் கருவி சல்லடைதான். தட்டு அதற்குப் பிறகே வரும். மணலை 0.6 மில்லிமீட்டர், 0.3 மில்லிமீட்டர், 0.15 மில்லிமீட்டர் கண்களுள்ள சல்லடைகளில் அடுத்தடுத்துச் சலித்து, ஒவ்வொரு பருமனையும் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே பருமனுள்ள மணிகளுக்கிடையில் தங்கத்தின் கனம் தானே ஜெயித்துவிடும். கடைசிச் சல்லடைக்கு ஆய்வுக்கூடச் சல்லடை கிடைக்காதவர்கள் ஸ்கிரீன் பிரிண்டிங் துணியை ஒரு மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டிக்கொள்ளலாம். தட்டை வாங்கச் செலவழிக்கும் பணத்தில் பாதியைச் சல்லடைக்குச் செலவழியுங்கள் என்பதுதான் ஆர்வத்தோடு என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது. பெரும்பாலானவர்கள் கேட்பதில்லை, பளபளக்கும் பச்சை நிறத் தட்டுதான் அவர்களுடைய கண்ணை இழுக்கிறது.

அடுத்தது நனைத்தல். தங்கத்தின் மேற்பரப்பில் ஒரு சொட்டு எண்ணெய்ப் பசை படிந்திருந்தால் போதும், அது தண்ணீரை ஒட்டவிடாது. அப்படிப்பட்ட தகடுகள் பத்தொன்பது மடங்கு கனத்தையும் மறந்துவிட்டு, தண்ணீரின் மேல்தோலில் மிதந்து, தட்டின் விளிம்பு வழியாக வெளியே போய்விடும். பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவத்தை இரண்டு சொட்டு தண்ணீரில் விட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். கை விரல்களிலுள்ள எண்ணெயும் பகைதான். தேங்காய் எண்ணெய் தேய்த்துத் தலை வாரிய கையோடு நேராகத் தட்டைத் தொடக் கூடாது.

காந்தத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. கறுப்பு மணல் என்றாலே காந்தம் இழுத்துவிடும் என்று நினைக்கிறார்கள். மேக்னடைட் என்ற இரும்புத் தாது அதிகமாக உள்ள மணலுக்கு அது பொருந்தும். இல்மனைட்டைச் சாதாரணக் காந்தம் சட்டைசெய்யாது. நியோடிமியம் என்ற உலோகம் சேர்ந்த வலிமையான காந்தம் அதை இழுக்கும், கார்னெட்டையும் இழுக்கும். அந்த நியோடிமியம் மோனசைட்டிலேயே இருக்கிறது என்பது இந்த மாவட்டத்துக்காரர்கள் அறிந்து வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி. காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி, மெல்லிய படலமாகப் பரப்பிய மணலுக்கு மேலே, தொடாமல் பிடிக்க வேண்டும். மணலுக்குள் அமிழ்த்தினால் கறுப்பு மணிகள் கொத்துக் கொத்தாகக் கட்டிக்கொண்டு, நடுவில் சிக்கிய பொன்னையும் சேர்த்துத் தூக்கிவிடும். தூக்கியதை வேறொரு தட்டில் தண்ணீருக்குள் உதறி, மறுபடியும் இழுத்துப் பார்ப்பது உத்தமம்.

இனி தட்டு. இங்கே நம் வீட்டுப் பெண்களுக்கு நான் எதையும் கற்பிக்க வேண்டியதில்லை. சருவத்தில் அரிசியை இட்டுத் தண்ணீரோடு அலைத்து, அரிசியை மட்டும் மெல்ல மெல்லச் சாய்த்துவிட்டுக் கல்லை அடியில் நிறுத்தும் அந்தக் கை அசைவுதான் இதுவும். வேறுபாடு, இங்கே போகவேண்டியது மணல், நிற்கவேண்டியது தங்கம், அவ்வளவுதான். முதலில் தட்டை நன்றாகக் குலுக்கிக் கனமானவற்றை அடிக்கு அனுப்ப வேண்டும். பிறகு முன்பக்கம் சாய்த்து, அலை வந்து போவதைப்போல் தண்ணீரை மேலேற்றி இறக்க, இலகுவான மணல் விளிம்பைத் தாண்டிப் போகும். நான்கைந்து அலைக்கு ஒருமுறை நிறுத்தி, மறுபடி குலுக்க வேண்டும். அவசரப்படுகிறவர்கள் தங்கத்தை இழப்பது இந்த நிறுத்தத்தை மறப்பதால்தான்.

கடைசியில் ஒரு தேக்கரண்டி கறுப்பு மணல் மிஞ்சும். உண்மையான வேலை அப்போதுதான் தொடங்குகிறது. தட்டில் ஓர் உள்ளங்கை அளவு தண்ணீரை மட்டும் விட்டு, லேசாகச் சாய்த்து, சுற்றுவட்டமாக மெதுவாக ஓடவிட்டால், கறுப்பு மணல் ஒரு வால் போல நீண்டு நகரும். வெளிறிய கார்னெட்டும் ஸிர்கானும் முதலில் போகும், பின்னால் இல்மனைட் போகும், மோனசைட் இருந்தால் தேன் நிறத்தில் அதன் பின்னால் வரும். வாலின் கடைசி நுனி விலகும்போது, அது விட்டுச்சென்ற இடத்தில் மஞ்சள் கோடு ஒன்று தட்டோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். தட்டின் பக்கத்தை விரல் நுனியால் தட்டிக்கொண்டே இருந்தால் கறுப்பு முன்னேறும், மஞ்சள் நின்ற இடத்திலேயே நிற்கும். உறிஞ்சு குழாய் பொருத்திய ஒரு சிறு பிளாஸ்டிக் குப்பியால் அந்த மஞ்சளை மட்டும் உறிஞ்சிக்கொள்ள வேண்டும்.

0.15 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் தட்டு கைகொடுப்பது அரிது. அங்கே சாய்வுப் பலகைதான் துணை. வழுவழுப்பான ஒரு பலகையில் பள்ளிக்கூடக் கரும்பலகைக்கு அடிக்கும் பெயின்ட்டை அடித்து, மிகச் சிறிய சாய்வில் வைத்து, மேலிருந்து கண்ணாடித் தாள் அளவுக்கு மெல்லிய தண்ணீர்ப் படலம் ஒன்றைச் சீராக ஓடவிட வேண்டும். தேக்கரண்டி நுனியளவு மணலை மேல்பக்கம் தூவினால், கறுப்பு மணிகள் உருண்டோடும். தகடான பொன், பெயின்ட்டின் நுண்ணிய சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடும். தட்டில் எதிரியாக இருந்த தகட்டு வடிவம் இந்தப் பலகையில் நமக்கு நண்பனாகிவிடுகிறது.

கிடைத்தது பொன்தானா என்று எப்படி அறிவது? நிழலுக்குள் கொண்டுபோய்ப் பாருங்கள். காக்காய்ப் பொன் எனப்படும் மைக்கா வெயிலில் ஒரு கோணத்தில் மின்னி, மறுகோணத்தில் செத்துவிடும். தங்கம் நிழலிலும் அதே மஞ்சள்தான். ஊசி நுனியால் அழுத்தினால் தங்கம் பள்ளமாகும், தங்கம்போல மின்னும் இரும்புத் தாதுவான பைரைட் பொடிந்துபோகும்.

பாதரசத்தைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. பொடித் தங்கத்தைப் பாதரசத்தில் சேர்த்து, பிறகு சூடாக்கிப் பாதரசத்தை ஆவியாக்கும் பழைய முறையைச் சிலர் இன்றும் பரிந்துரைக்கிறார்கள். அந்த ஆவி நரம்பு மண்டலத்தையும் சிறுநீரகத்தையும் பாழாக்கும். அடுப்படியில் காய்ச்சினால் பிள்ளைகளும் சேர்ந்தே சுவாசிப்பார்கள். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையில் இந்தியாவும் 2018-இல் இணைந்துவிட்டது. பாதரசம் இல்லாமல் வேலை நடக்காது என்பதும் உண்மையல்ல. நன்றாகச் சுத்தம் செய்த பொடியோடு வெண்காரம் (போராக்ஸ்) சேர்த்து, மூசை என்ற உருக்கு கிண்ணத்தில் உருக்கினால், மிஞ்சிய கறுப்பு மணல் வெண்காரத்தில் கரைந்து கண்ணாடியாக ஒதுங்கும். 1064 டிகிரி செல்சியஸில் உருகும் தங்கம் அடியில் மணியாகத் திரளும். நம் பொற்கொல்லர்களுக்கு வெண்காரத்தின் அருமை தெரியும்.

ஊரில் இருந்தபடியே பழக விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் கடற்கரை மணலை ஒரு கைப்பிடிகூட எடுக்காதீர்கள். மோனசைட் அணுசக்திச் சட்டத்தின் வரம்புக்குள் வரும் தாது; தனியார் தாது மணல் அள்ளுவதற்கு 2013-இல் தமிழ்நாடு அரசு தடை விதித்தது; ஆற்று மணலுக்கும் சட்டம் உண்டு. வீடு கட்ட முறையாக வாங்கி இறக்கிய மணலில் ஒரு சருவம் போதும். அதிலும் கறுப்பு மணிகள் கொஞ்சம் இருக்கும். அதோடு ஈயக் குண்டுகளைச் சுத்தியலால் தட்டித் தகடாக்கி, சிறு துண்டுகளாக வெட்டி, எண்ணிப் போடுங்கள். ஈயத்தின் ஒப்படர்த்தி 11.3 தான், அதைத் தவறவிடாமல் பிடிக்கிறவருடைய கையிலிருந்து தங்கம் தப்புவது கடினம். போட்ட துண்டுகளும் திரும்பி வந்த துண்டுகளும் சரியாக இருக்கும்வரை, கழிவு மணலைக் கொட்டாமல் ஒரு வாளியில் சேர்த்துவைத்து மறுபடி மறுபடி அரித்துப் பாருங்கள். ஈயம் தொட்ட கையைச் சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கழுவவும். அந்த மணலைத் தோட்டத்தில் கொட்டவும் வேண்டாம்.

நன்றி. வணக்கம்.