ஏர் ஸ்க்ரூவைத் தொடும் முன்

நேயர்களுக்கு வணக்கம். திருவொற்றியூரில் தயாரான பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் 350 இன்றும் பல வீட்டு வாசலில் நிற்கிறது. அதில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புவது கார்புரேட்டர். பரவலாக இருப்பது மிக்கார்ப் விஎம்24. வண்டி கொஞ்சம் முரண்டு பிடித்தால் உடனே எல்லோருடைய கையும் திருப்புளியோடு அங்கேதான் போகிறது. கோளாறு பெரும்பாலும் வேறெங்கோ இருக்கும்.

முதலில் பிளக்கில் பொறி வரவைக்கும் பாயிண்ட்டின் இடைவெளியைப் பாருங்கள். 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அடுத்தது டேப்பட், அதாவது வால்வைத் தள்ளும் பாகங்களின் இறுக்கம். இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது, பிஸ்டனைக் கம்ப்ரஷன் மேல்நிலையில் நிறுத்தி, வால்வைத் தள்ளும் தண்டான புஷ்ராடை விரலால் உருட்டிப் பாருங்கள். தடையில்லாமல் உருள வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. இன்லெட் பக்கம் இறுக்கமாக இருந்தால் வால்வு முழுதாக மூடாது. கார்புரேட்டர் வழியாகத் திருப்பித் துப்பும். அதை ஜெட் (பெட்ரோல் வரும் சிறு துளையுள்ள திருகு) கோளாறு என்று நினைத்து மாதக்கணக்கில் அலைபவர்கள் உண்டு.

மூன்றாவது, ஏர் லீக். கார்புரேட்டரை இன்ஜினோடு பிடித்திருக்கும் இரண்டு நட்டையும் பலமாக முறுக்கினால் கார்புரேட்டரின் முகப்பு வளைந்துவிடும். வளைந்த இடைவெளியில் காற்று புகும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் உடனே இறங்காமல் கூவிக்கொண்டே நின்றால், ஒன்று இந்த லீக், இல்லாவிட்டால் கேபிள் பிடிப்பு. ஓடும் இன்ஜினில் அந்த இணைப்பின் மேல் தண்ணீரைப் புகைபோலத் தெளியுங்கள். ஓட்டம் மாறினால் லீக் உறுதி. இதற்குப் பெட்ரோலைத் தெளிக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. சூடான இன்ஜினில் அது தீயை விலைகொடுத்து வாங்குவது. வளைந்த முகப்பைச் சரிசெய்ய, தடித்த கண்ணாடியின் மேல் நைஸ் உப்புத்தாளை விரித்து எட்டு போடுவதுபோல் தேய்த்தால் போதும்.

இதெல்லாம் சரியென்றால் கார்புரேட்டருக்கு வரலாம். எந்த அளவு ஆக்சிலேட்டரில் தொந்தரவு வருகிறது என்பதுதான் முதல் கேள்வி. கைப்பிடியில் ஒரு டேப் ஒட்டி, கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அளவுக்கும் ஒரு பாகம் பொறுப்பு. ஸ்லோவில் (ஆக்சிலேட்டரைத் திருகாத ஓட்டம்) இருந்து எட்டில் ஒரு பங்கு வரை பைலட் ஜெட்டும், காற்றளவை மாற்றும் ஏர் ஸ்க்ரூவும். அங்கிருந்து கால் வரை, ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் ஸ்லைடின் அடியில் இருக்கும் சரிவு வெட்டு. காலில் இருந்து முக்கால் வரை ஸ்லைடில் தொங்கும் ஊசி. அதற்கு மேல் மெயின் ஜெட். நடு ஓட்டத்தில் திணறும் வண்டிக்கு ஏர் ஸ்க்ரூவைத் திருகிப் பயனில்லை.

ஸ்லோ வைக்கும் முறை இது. சில கிலோமீட்டர் ஓட்டி இன்ஜினைச் சூடாக்குங்கள். ஏர் ஸ்க்ரூவை உள்ளே மெல்ல உட்காரும் வரை திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். அழுத்தி முறுக்கினால் முனையும் அது உட்காரும் இடமும் கெட்டுவிடும். ஸ்லோ ஸ்க்ரூவால் ஓட்டத்தைச் சற்றே தூக்கி, ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்புங்கள். உள்ளே போனால் கலவையில் பெட்ரோல் கூடும், வெளியே வந்தால் காற்று கூடும். ஓட்டம் எங்கே அதிகமாகவும் சீராகவும் இருக்கிறதோ அங்கே நிறுத்தி, ஸ்லோவை இறக்குங்கள். மறுபடி ஒருமுறை செய்யுங்கள். ஒரு சுற்றுக்குக் குறைவாக நின்றால் பைலட் ஜெட் சிறியது, அல்லது அடைத்திருக்கிறது. இரண்டரைச் சுற்றையும் தாண்டினால் ஜெட் பெரியது. ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்பும்போது ஓட்டம் ஏறினால், கேபிள் இழுபடுகிறது.

'டப்... டப்...' என்று எண்ணி முடிக்கும்படி ஸ்லோவை இறக்கி வைப்பது ஒரு மோகம். ஆயில் பம்பு இன்ஜின் வேகத்துக்கு ஏற்பத்தான் சுற்றுகிறது. கேட்க இனிமையாக இருக்கும், மேலே வால்வை அழுத்தும் ராக்கருக்கு ஆயில் போதாமல் போகும்.

சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் நிற்கிறது என்றால் பைலட் ஜெட்டைக் கழற்றுங்கள். மாதக்கணக்கில் நின்ற பெட்ரோல் பிசினாகி அந்தச் சிறு துளையை அடைத்திருக்கும். இரும்புக் கம்பி விடாதீர்கள், துளை பெரிதாகிவிடும். மின்சார வயரின் ஒற்றைச் செம்பு இழை போதும். ஜெட்டில் பொறித்த எண்ணையும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். முன்பு யாராவது துளையைக் குடைந்திருக்கலாம்.

ஊசியில் ஐந்து வரிப்பள்ளங்கள். அவற்றில் ஒன்றில்தான் ஊசியைப் பிடிக்கும் கிளிப் மாட்டியிருக்கும். கிளிப்பைக் கீழே இறக்கினால் ஊசி உயரும், கலவையில் பெட்ரோல் கூடும். ஒரு பள்ளம் மாற்றி, ஓட்டிப் பார்த்து, பிறகே அடுத்தது. கிளிப்பை மேலே ஏற்றியும் நடு ஓட்டத்தில் கறுப்புப் புகை தீரவில்லையென்றால், ஊசி உரசி உரசி அதன் ஜெட் துளை நீள்வட்டமாகியிருக்கும். ஊசியையும் ஜெட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது ஸ்லைடின் சரிவு வெட்டு ஏர் ஃபில்டர் பக்கம் பார்க்கட்டும்.

இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் பழைய செட்டிங்கில் கலவை மெலிந்து, காற்று மிஞ்சிவிடும். பிளக் வெள்ளையாக வெளுத்தால் கிளிப்பை ஒரு பள்ளம் இறக்கிப் பாருங்கள். ஆக்சிலேட்டரை விடும்போது சைலன்சர் படபடத்தால், ஏர் ஸ்க்ரூவைச் சற்று உள்ளே திருகிப் பாருங்கள். அதற்கு முன் சைலன்சர் இணைப்பில் புகை கசிகிறதா என்று பார்த்துவிடுங்கள், அதுவும் இதே சத்தம்தான் கொடுக்கும்.

கார்புரேட்டரில் பெட்ரோல் ஒழுகினால் டேங்கின் பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் நிற்கும் ஃப்ளோட் கிண்ணத்தைத் திருப்புளியின் கைப்பிடியால் இரண்டு தட்டுத் தட்டுங்கள். தூசி விலகினால் நின்றுவிடும். நிற்காவிட்டால், பெட்ரோல் வரவை மூடும் ஃப்ளோட் ஊசியின் முனையில் வளையம்போல் தேய்மானம் விழுந்திருக்கும், மாற்றிவிடுங்கள். இரவு முழுதும் ஒழுகிய வண்டியில் ஆயிலை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலை மாற்றாமல் கிக்கரை உதைக்காதீர்கள்.

வணக்கம்.