யாரப்பா உன்னை அனுப்பினது?

தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, பெயர் விட்டுப்போனால் வரவு செலவில் கை வைத்துவிடக்கூடிய பொருளாளர் அவர்களே, கடைசி வரிசையில் பிள்ளைகளோடு மல்லுக்கட்டும் தாய்மார்களே, சிகாகோவாழ் தமிழர்களே, வணக்கம்.

நம் ஊர்க்காரர் ஆப்னர் மிக்வா ஏறிய படிகள் மூன்று: காங்கிரஸ் எனும் அமெரிக்க நாடாளுமன்றம், நீதிமன்றம், வெள்ளை மாளிகை. மூன்றையும் பேசுவதாகத் தலைவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

1948. சட்ட மாணவரான மிக்வா, தேர்தல் வேலை செய்யும் ஆசையில் வார்டு ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள் நுழைகிறார். வாயில் சுருட்டோடு வார்டுத் தலைவர்.

"யாரப்பா உன்னை அனுப்பினது?"

"யாரும் அனுப்பலைங்க."

"யாரும் அனுப்பாத ஆள் எங்களுக்கு வேண்டாம். வேலையும் காலி இல்லை."

"எனக்கு வேலை வேண்டாங்க, சும்மா உழைக்கத்தான் வந்தேன்."

"வேலை வேண்டாம்கிறவனும் வேண்டாம். எங்கேயிருந்து வர்றே?"

"சிகாகோ பல்கலைக்கழகம்."

"அங்கேயிருந்து வர்ற எவனுமே வேண்டாம்!"

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பது அந்தச் சுருட்டுக்காரருக்குத் தெரியவில்லை. துரும்பு 1956இல் இல்லினாய் சட்டமன்றத்துக்குத் தேர்வானது, 1968இல் காங்கிரஸுக்கு. 1972இல் வடக்குப் புறநகர்த் தொகுதியில் தோற்று, 1974இல் அங்கேயே வென்றது.

நீதிபதி கதை. பொதுத்தேர்தல் இல்லை, அதிபர் பெயர் சொல்ல வேண்டும், செனட் குழு விசாரிக்க வேண்டும், செனட் வாக்களிக்க வேண்டும். 1979இல் அதிபர் கார்ட்டர், வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு மிக்வாவின் பெயரைச் சொன்னார். துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்டவராயிற்றே, துப்பாக்கிச் சங்கம் வரிந்துகட்டியது. ஆனாலும் 58க்கு 31. அதோடு விட்டார்களா? ஒரு காங்கிரஸ் உறுப்பினரின் பதவிக் காலத்தில் ஊதியம் உயர்த்தப்பட்ட வேறொரு பதவிக்கு அந்த உறுப்பினரையே நியமிக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டம்; நீதிபதிகள் சம்பளமோ உயர்ந்திருந்தது. செனட்டர் மெக்ளூர் வழக்குப் போட்டார். அவையில் தோற்ற செனட்டர் அதே சண்டையை இங்கே கொண்டுவர முடியாது என்று நீதிமன்றம் தள்ளியது. கேள்விக்கு விடை கிடைக்கவேயில்லை! மிக்வா 1991இல் அந்த மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார்.

வெள்ளை மாளிகை? தலைவர் கடிகாரம் பார்க்கிறார். அதைவிட அவசரமானது 1976 காங்கிரஸ் தேர்தல். இரண்டு லட்சத்துக்கு மேல் விழுந்த வாக்குகளில் மிக்வா ஜெயித்தது 201 வாக்கில். இந்த மண்டபத்தில் இருப்பவர்களே அந்தக் கணக்கைப் புரட்டியிருக்கலாம். சிறு துரும்பு, ஐயா!

ஆகவே, குடியுரிமை வாங்கியும் வாக்காளராகப் பதியாமல் இருப்பவர்களுக்கு: வழக்கமான பதிவு தேர்தலுக்கு 28 நாள் முன்பே முடிந்துவிடும். தவறினால் தேர்தல் நாள் வரை, குறிப்பிட்ட இடங்களில் நேரில் பதியலாம். இரண்டு அடையாளச் சான்று வேண்டும், ஒன்றிலாவது இப்போதைய முகவரி இருக்க வேண்டும். வீடு மாறியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். நவம்பர் பொதுத்தேர்தலுக்குள் 18 ஆகிற 17 வயதுப் பிள்ளை, கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தலிலேயே வாக்களிக்கலாம். கிரீன் கார்டுக்காரர்கள் மட்டும் கை வைக்காதீர்கள். ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கும்போது 'வாக்காளராகப் பதியவா' என்று கேட்டால் 'வேண்டாம்' என்றே சொல்லுங்கள். தெரியாமல் பதிந்தாலும் பின்னால் குடியுரிமை மனுவுக்கே ஆபத்து. மற்றவர்களுக்குப் படிவம் வாசல் மேசையில், காபிக்குப் பக்கத்தில்.