ஏரிக்கு அடியில் கிடக்கும் தீஞ் கிராமம்

[காட்சி: பனிமலைகளுக்கு நடுவே பச்சை நிற ஏரி, அதை மறித்து நிற்கும் வளைந்த அணை]

பிரான்சில் பனிச்சறுக்குப் பிரியர்களிடம் தீஞ் என்று சொன்னால், 2,100 மீட்டர் உயரத்தில் ஹோட்டல்கள் வரிசையாக நிற்கும் ஓர் ஊர்தான் அவர்கள் நினைவுக்கு வரும். ஆனால் அந்தப் பெயருக்குச் சொந்தமான பழைய கிராமம் கீழே பள்ளத்தாக்கில், நீங்கள் இப்போது பார்க்கும் ஷெவ்ரில் ஏரிக்கு அடியில் கிடக்கிறது. வெள்ளமோ நிலச்சரிவோ அதை அழிக்கவில்லை, 1952ல் அரசே தண்ணீரைத் தேக்கி மூழ்கடித்தது.

முதலில் அந்த ஊர் எப்படி இருந்தது என்று பார்த்துவிடலாம். இத்தாலி எல்லையை ஒட்டிய சவ்வா மாவட்டம், ஆல்ப்ஸ் மலை, பக்கத்திலேயே இசேர் ஆறு. கல் சுவர் வைத்து, கற்பலகையால் கூரை வேய்ந்த வீடுகள், நடுவில் புனித யாகப்பர் பெயரில் தேவாலயம். பிழைப்பு மாடுகளையும் ஆடுகளையும் நம்பித்தான், ஆட்டுப்பாலில் செய்யும் ஒரு சீஸுக்கு இன்றும் இந்த ஊரின் பெயர்தான். கோடையில் மந்தையை மேலே புல்வெளிகளுக்கு ஓட்டிப் போவார்கள், குளிர்காலத் தீவனத்துக்குப் பள்ளத்தாக்கின் தரையில்தான் புல் அறுத்துக் காயவைத்துச் சேர்ப்பார்கள். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்தத் தரை போனால் வீடு மட்டுமில்லை, மாடு வளர்க்கும் வழியும் சேர்ந்தே போய்விடும்.

[காட்சி: பள்ளத்தாக்கின் குறுக்குவெட்டு வரைபடம்]

சரி, அணை கட்ட ஏன் இந்த இடம்?

பழங்காலப் பனியாறுகள் இங்கே அகலமான ஒரு பள்ளத்தைக் குடைந்துவிட்டு, அதன் வாயில் மட்டும் கெட்டியான பாறையைக் குறுகலாக விட்டுப் போயிருந்தன. அந்த வாயை ஒரு சுவரால் அடைத்தால் போதும், பின்னால் பெரிய ஏரி தானாக உருவாகிவிடும். பொறியாளர் கண்ணுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. இன்னொரு காரணமும் உண்டு. ஆல்ப்ஸ் ஆறுகளில் தண்ணீர் பெருகுவது பனி உருகும் மே, ஜூன், ஜூலையில், ஆனால் மின்சாரம் அதிகமாகத் தேவைப்படுவதோ ஆறு உறைந்து கிடக்கும் குளிர்காலத்தில். அதனால் கோடைத் தண்ணீரைத் தேக்கிவைத்துக் குளிர்காலத்தில் திறந்துவிட வேண்டும். போர் முடிந்த பிரான்சில் நிலக்கரித் தட்டுப்பாடு, மின்வெட்டு. 1946ல் மின்துறையை நாட்டுடைமையாக்கி, வேகவேகமாக அணைகள் கட்ட ஆரம்பித்தார்கள். தீஞ் அணை அடித்தளத்தோடு சேர்த்து 180 மீட்டர் உயரம், ஏரியின் கொள்ளளவு சுமார் 23 கோடி கன மீட்டர். அந்த மின்சாரம் நாட்டுக்கு உண்மையிலேயே தேவைப்பட்டது, அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் ஊர்க்காரர்களை நடத்திய விதம் இருக்கிறதே, அதை ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

[காட்சி: கறுப்பு வெள்ளைப் படங்கள்]

அவர்கள் சும்மா இருக்கவில்லை. வழக்குப் போட்டார்கள், வேலையைத் தடுத்தார்கள், நிலத்தை விட்டு நகர மறுத்தார்கள். பதிலுக்கு அரசு கலகத் தடுப்புப் போலீஸை அனுப்பியது. 1952 வசந்த காலத்தில், கிராமத்தில் இன்னும் ஆட்கள் குடியிருக்கும்போதே, அணையின் கதவுகளை மூடித் தண்ணீரைத் தேக்கத் தொடங்கினார்கள். நாடு முழுக்கப் பத்திரிகைகளில் படம் வந்தது: வண்டியில் கட்டில், அலமாரி, பின்னால் ஏறிவரும் தண்ணீர். கல்லறையைத் தோண்டி இறந்தவர்களை மேலே கொண்டுபோனார்கள். வீடுகளுக்கு வெடி வைத்தார்கள், தேவாலயத்துக்கும் வைத்தார்கள். தாத்தா பாட்டியின் எலும்புகளை இடம் மாற்றியதைப் பார்த்துவிட்டு, அடுத்து ஞானஸ்நானம் பெற்ற கோயில் வெடித்துச் சிதறுவதையும் ஒருவர் நின்று பார்க்க வேண்டியிருந்தால் எப்படி இருந்திருக்கும்! 1953 ஜூலையில் குடியரசுத் தலைவர் வன்சான் ஒரியோல் வந்து அணையைத் திறந்துவைத்தார்.

[காட்சி: லே புவாஸ் தேவாலயம், உள்ளே பொன் வேலைப்பாடுள்ள பீடங்கள்]

அணைக்குப் பக்கத்தில் லே புவாஸ் என்ற இடத்தில், பழைய தேவாலயத்தின் அதே சாயலில் ஒன்றைக் கட்டிக் கொடுத்தார்கள். இடிப்பதற்கு முன்பு கழற்றி எடுத்த பழைய பீட அலங்காரங்கள் அங்கேதான் இருக்கின்றன. அந்தப் பக்கம் போனால் அணையைப் படம் பிடிப்பதோடு திரும்பிவிடாதீர்கள், உள்ளே போய் அவற்றையும் பாருங்கள்.

பல குடும்பங்கள் மாவட்டத்தில் வேறு வேறு ஊர்களுக்குப் போய்விட்டன. தங்கியவர்களில் சிலர் அதுவரை கோடைக் குடிசைகள் மட்டுமே இருந்த மேலே இருக்கும் இன்னொரு ஏரியின் கரைக்கு ஏறி, 1950களின் பிற்பாதியில் பனிச்சறுக்கு ஊரை ஆரம்பித்தார்கள். 1992 குளிர்கால ஒலிம்பிக்கில் ஃப்ரீஸ்டைல் பனிச்சறுக்குப் போட்டிகள் நடந்தது இங்கேதான். மேடும் பள்ளமுமான பனிச்சரிவில் இறங்கும் மோகல் பந்தயத்தில் பிரான்சின் எட்கார் க்ரோபிரோன் சொந்த நாட்டிலேயே தங்கம் வென்றார். அணைச் சுவரில் ஹெர்குலிஸின் ராட்சத ஓவியம் வந்ததும் அந்த ஒலிம்பிக்கை ஒட்டித்தான், ஜான் மாரி பியெரே 1989ல் வரைந்தது. இப்போது நன்றாக மங்கிவிட்டது.

"மூழ்கியதால்தானே ஊர் பணக்கார ஊரானது" என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பக்கத்து ஊரான வால் திசேர் ஒரு வீட்டையும் மூழ்கடிக்காமலேயே பனிச்சறுக்கில் செழித்திருக்கிறது. அதோடு, மேலே வந்த பணம் கீழே நிலத்தை இழந்து வெளியேறிய எல்லாரையும் தேடிப் போய்ச் சேரவில்லை.

[காட்சி: கிராண்ட் மோத் பனியாறு, பழைய படமும் புதிய படமும்]

இப்போது புதுக் கவலை வந்திருக்கிறது. கிராண்ட் மோத் பனியாற்றை நம்பித்தான் ஆண்டு முழுக்கப் பனிச்சறுக்கு என்று இந்த ஊர் விளம்பரம் செய்து வந்தது. அந்தப் பனியாறு சுருங்கச் சுருங்க, கோடைப் பருவமும் குறைந்துகொண்டே வருகிறது. ஷெவ்ரில் ஏரியை நிரப்புவதும் இதே மலைகளின் பனிதான், அதனால் ஹோட்டல்காரர்களுக்கும் மின்வாரியத்துக்கும் இப்போது ஒரே கணக்கு: இந்தக் குளிர்காலத்தில் எவ்வளவு பனி விழும், அது எப்போது உருகும்.